பழசானால் மட்டும் போதுமா? போர்தோ சிவப்பு ஒயினும் நிலவறைக் கணக்கும்

1976 மே 24 அன்று பாரிஸில் ஒரு சுவைப் போட்டி நடந்தது. நடத்தியவர் அங்கே ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர். பத்து சிவப்பு ஒயின்களைப் பெயர் மறைத்து ஊற்றினார்கள். ஆறு கலிஃபோர்னியாவில் இருந்து வந்தவை. மீதி நான்கும் பிரான்ஸின் போர்தோ வட்டாரத்துப் பெரிய பெயர்கள். மூத்தோன் ரோத்ஷீல்ட், ஓ-பிரியோன், மோன்றோஸ் மூன்றிலும் 1970 அறுவடை, லெயோவில் லாஸ் காஸில் 1971 அறுவடை. மதிப்பெண் கணக்கில் சேர்ந்த ஒன்பது நடுவர்களும் பிரெஞ்சுக்காரர்கள். முதலிடம் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973க்குப் போனது.

தோற்ற தரப்பு ஒரு காரணம் சொன்னது. எங்கள் ஒயின் இன்னும் பக்குவப்படவில்லை, இருபது முப்பது வருஷம் பொறுத்துத் திறந்து பாருங்கள், அப்போது தெரியும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சரி என்று முப்பது வருஷம் கழித்து, 2006 மே 24 அன்று, லண்டனிலும் கலிஃபோர்னியாவின் நாப்பாவிலும் ஒரே நேரத்தில் அதே சிவப்பு ஒயின்களைத் திரும்பத் திறந்தார்கள். முதலிடம் ரிட்ஜ் மான்ட்டே பெல்லோ 1971க்கு. முதல் ஐந்து இடங்களும் கலிஃபோர்னியாவுக்கே.

இதைப் பிரான்ஸின் தோல்வி என்று மட்டும் பார்ப்பது மேம்போக்கான வாசிப்பு. முப்பத்தைந்து வருஷம் கண்ணாடிப் புட்டியில் அடைந்து கிடந்த பிறகும் அந்த ஒயின்கள் போட்டிக்கு வைக்கும் நிலையில் இருந்தனவே, எனக்கு அதுதான் பெரிய செய்தி. உலகில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி ஓரிரு வருஷத்துக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. அதை நிலவறையில் வைத்தால் கிடைப்பது செத்துப்போன ஒயின்தான். மிகச் சிறிய ஒரு பங்குக்கு மட்டும் வருஷங்கள் ஏதோ நல்லது செய்கின்றன. அந்தச் சிறிய பங்கு எது, காலம் அதற்கு என்ன செய்கிறது, எப்போது திறப்பது? நிலவறை வைத்திருப்பவர்கள் கவலைப்படுவது எல்லாம் இந்தக் கேள்விகளைப் பற்றித்தான்.

புட்டிக்குள் நடப்பது

சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் திராட்சைத் தோலில் இருந்தும் விதையில் இருந்தும் வருகின்றன. பிழிந்த சாறு தோலோடு சேர்ந்தே நொதிக்கும்போது நிறமிகளும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் அதில் இறங்குகின்றன. இளம் போர்தோவை ஒரு வாய் குடித்தால் நாவல் பழம் தின்ற மாதிரி நாக்கும் ஈறும் சொரசொரத்துப் போகும். டானின் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. நமக்குத் துவர்ப்பாகத் தெரிவது அந்த வறட்சிதான்.

காபர்னே சோவினியோன் என்ற திராட்சை சிறிய மணி, தடித்த தோல். அதனால் சாற்றின் அளவோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு அதிகம், டானினும் அதிகம். ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையில், மெடோக் பகுதியின் சரளைக்கல் மேடுகளில் இதுதான் ராஜா. சரளை நீரைத் தேக்காது, பகல் வெயிலில் வாங்கிய சூட்டைத் தாங்கி வைத்திருக்கும். தாமதமாகப் பழுக்கும் காபர்னேவுக்கு இரண்டுமே தேவை. வலது கரையில் சான் எமிலியோன், போமெரோல் பக்கம் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். அங்கே சீக்கிரம் பழுக்கும், சற்று மென்மையான மெர்லோ முன்னால் நிற்கிறது. மெர்லோ என்றால் சீக்கிரம் குடித்துவிட வேண்டியது என்று சொல்வார்கள். கிட்டத்தட்ட முழுக்க மெர்லோவிலேயே செய்யும் பெத்ரூஸ் பல பத்தாண்டுகள் நிற்கிறதே, என்ன சொல்வது? திராட்சை ரகம் பாதிக் கதைதான். மண்ணும் கொடியின் வயதும் ஒரு கொடியில் எத்தனை குலை விட்டார்கள் என்பதும் மீதிக் கதை.

புட்டியை அடைத்த பிறகு உள்ளே மிக மெதுவாக வேதிவினைகள் நடக்கின்றன. நிறமிகள் டானினோடு பிணைகின்றன. டானின் மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்கின்றன, சில உடைந்து சிறிதாகின்றன. மிகப் பெரிதாகிவிட்டவை கரைந்திருக்க முடியாமல் வண்டலாகக் கீழே இறங்குகின்றன. பழைய புட்டியின் பக்கவாட்டில் கறுப்பாக ஒட்டியிருப்பது அதுதான். அழுக்கு இல்லை, கெட்டுப்போன அடையாளமும் இல்லை. ஊதா கலந்த சிவப்பு முதலில் மாணிக்கச் சிவப்பாகவும் பிறகு செங்கல் நிறமாகவும் மாறுவது இதனால்தான். துவர்ப்பு ஏன் மென்மையாகிறது என்பதில் வேதியியலாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. டானின் பெரிதாகி வண்டலாவதால் மட்டும் என்று முன்பு பாடம் சொன்னார்கள். இப்போது அமிலச் சூழலில் அது உடைவதற்கும் பங்கு தருகிறார்கள்.

வாசனையிலும் அதே மாதிரி இடமாற்றம். இளசில் கருநிறப் பழங்கள், வயலட் பூ, ஓக் பீப்பாய் தந்த வனிலாவும் வறுத்த வாசமும். பத்துப் பதினைந்து வருஷத்தில் தேவதாரு மரம், பென்சில் சீவிய தூள், சுருட்டுப் பெட்டி, புகையிலை. அதற்கும் அப்பால் பழைய தோல், ஈர மண், காளான். இந்த இரண்டாம் மூன்றாம் கட்ட வாசனைக்காகத்தான் ஆட்கள் காத்திருக்கிறார்கள். இதையும் சொல்லிவிட வேண்டும்: எல்லோருக்கும் அது பிடிப்பதில்லை. கனிந்த பழ ருசியை விரும்புகிறவருக்கு 30 வருஷ மெடோக்கை ஊற்றினால் முகம் சுளிப்பார். அவர் ரசனை கெட்டவர் ஆகிவிட மாட்டார்.

காலம் துவர்ப்பைக் குறைக்கும், பழத்தையும் சேர்த்தே குறைக்கும். இரண்டில் எது முதலில் தீர்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. போர்தோவின் 1975 விளைச்சல் இதற்கு நல்ல உதாரணம். டானின் மலையாக இருந்தது, நீண்ட நாள் நிற்கும் வருஷம் என்று வாங்கி அடுக்கினார்கள். பல புட்டிகளில் பழம் வற்றிப் போன பிறகும் துவர்ப்பு அப்படியே நின்றது. 1982 நேர் எதிர். கனிந்த, மென்மையான, இளசிலேயே குடிக்க இனிமையான ஒயின்கள். இவை நிலைக்காது என்று சில விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் ஓங்கிப் புகழ்ந்தார், அவர் பெயர் உலகம் முழுக்கப் பரவியதே அந்த வருஷத்தால்தான். நல்ல 82கள் நாற்பது வயது தாண்டியும் உயிரோடு இருக்கின்றன. துவர்ப்பு அதிகம் என்பது மட்டுமே ஆயுள் உத்தரவாதம் இல்லை. துவர்ப்பு, அமிலம், பழச் செறிவு மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்க வேண்டும்.

இளம் ஒயினைச் சுவைப்பது

இந்த ஈட்டை நாக்கால் கண்டுபிடிப்பதுதான் சுவைப்பின் வேலை. மேலே குறுகிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல், வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து விளிம்பைப் பார்ப்பார்கள். விளிம்பு ஊதாவாக இருந்தால் இளசு, ஆரஞ்சு கலந்திருந்தால் முதிர்ந்தது. அப்புறம் கிளாஸைச் சுழற்றி முகர்வது. வாயில் வைத்ததும் கவனிக்க வேண்டியவை சில: எச்சில் ஊறுகிறதா (அமிலம்), ஈறு வறள்கிறதா (டானின்), தொண்டையில் சூடு தெரிகிறதா (ஆல்கஹால்). டானின் எவ்வளவு என்பதைவிட அது எப்படிப்பட்டது என்பதே முக்கியம். பழுக்காத விதையில் இருந்து வந்த பச்சைத் துவர்ப்பு வருஷம் போனாலும் அப்படியேதான் இருக்கும். நன்றாகப் பழுத்த தோலில் இருந்து வந்தது நிறைய இருந்தாலும் பொடிப்பொடியாக, மெத்தென்று தெரியும்.

விழுங்கிய பிறகு, அல்லது துப்பிய பிறகு, ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது கடைசிச் சோதனை. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஓர் அளவே வைத்திருக்கிறார்கள். ருசி நிற்கும் ஒவ்வொரு விநாடியும் ஒரு கோதாலி. தொழில்முறைச் சுவைப்பாளர்கள் துப்புவார்கள்; ஒரு காலையில் ஐம்பது அறுபது பீப்பாய் மாதிரிகளைக் கடக்க வேறு வழியில்லை. நாள் முடிவில் பல்லெல்லாம் கறுத்துக் கிடக்கும்.

இவர்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? போர்தோ பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று 2001இல் வெளிவந்தது. 54 ஒயினியல் மாணவர்களுக்கு ஒரே வெள்ளை ஒயினை இரண்டு கிளாஸில் கொடுத்தார்கள். ஒன்றில் மணமில்லாத சிவப்புச் சாயம் மட்டும் கலந்திருந்தது. சிவப்பாகத் தெரிந்த கிளாஸுக்கு அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய வர்ணனைகளையே எழுதினார்கள். இதைக் காட்டி, ஒயின் சுவைப்பே பித்தலாட்டம் என்று சொல்லிக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூக்கு கண்ணுக்குக் கட்டுப்பட்டது என்று மட்டும்தான் அது காட்டுகிறது. பெயரை மறைத்துச் சுவைக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். லேபிளில் லத்தூர் மாதிரி ஒரு பெரிய போர்தோ பெயரைப் பார்த்துவிட்ட பிறகு எவருடைய நாக்கும் நடுநிலையில் இருப்பதில்லை.

வெப்பநிலை ஒரு பெரிய விஷயம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற விதி, வீட்டை முழுக்கச் சூடாக்கும் வசதி வராத காலத்துப் பிரெஞ்சு அறைகளை வைத்துச் சொன்னது. 16, 17 டிகிரி. சென்னையின் 32 டிகிரி அறையில் அதே ஒயின் வெறும் சாராய நெடியாகத்தான் தெரியும். ஊற்றுவதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பதில் எந்த அவமானமும் இல்லை.

நிலவறை செய்யும் ஒரே வேலை

நிலவறை ஒயினுக்கு எதையும் சேர்ப்பதில்லை. மேலே சொன்ன வினைகள் அவசரப்படாமல் நடக்க வழிவிடுகிறது, அவ்வளவுதான். 12, 13 டிகிரி வெப்பம், இருட்டு, அதிர்வு இல்லாமை, ஓரளவு ஈரப்பதம், படுக்கை வசத்தில் புட்டி. வேதிவினைகள் பொதுவாகப் பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். அப்படியானால் சூட்டில் வைத்து ஐந்து வருஷத்தில் பத்து வருஷப் பக்குவத்தை எடுத்துவிடலாமே என்று தோன்றும். நடக்காது, எல்லா வினையும் ஒரே விகிதத்தில் வேகமெடுப்பதில்லை. சூட்டில் வளர்ந்த ஒயினில் பழம் வெந்து காய்ச்சிய ஜாம் வாசம் அடிக்கும், தேவதாருவும் புகையிலையும் வராது.

இதில் இந்தியா சம்பந்தப்பட்ட சுவையான கிளைக்கதை ஒன்று உண்டு. மெடோக்கின் செயின்ட்-எஸ்தெஃப் ஊரில் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லூயி-காஸ்பார் தெஸ்துர்னெல் என்ற தோட்டக்காரர் தன் ஒயினை இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பி விற்றார். விற்காமல் திரும்பி வந்த சரக்கு கடல் பயணத்தில் இன்னும் நன்றாகிவிட்டது என்று நம்பினார். ‘இந்தியாவில் இருந்து திரும்பியது’ என்பதையே விற்பனைப் பெருமையாக்கினார். தன் ஒயின் கிடங்குக்கு மேல் பகோடா கோபுரங்களும் கட்டினார். ஊரார் அவரை செயின்ட்-எஸ்தெஃப் மகாராஜா என்றார்கள். கடைசியில் கடன் முற்றி 1852இல் தோட்டத்தை விற்க வேண்டி வந்தது. கோஸ் தெஸ்துர்னெல் என்ற அந்த இடம் இன்றும் பகோடாக்களோடு நிற்கிறது. மாதக்கணக்கில் வெப்பமண்டலச் சூட்டில் குலுங்கிய ஒயின் அந்தக் காலத்து முரட்டுத் துவர்ப்பை வேகமாக இழந்திருக்கும், அதனால் உடனே குடிக்க இதமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். அதைத் திரும்ப முப்பது வருஷம் வைக்க அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நிலையான 18 டிகிரி, ஏறி இறங்கும் 14ஐவிட நல்லது. வெப்பம் ஏறும்போது திரவம் விரிந்து கார்க்கைத் தள்ளும், இறங்கும்போது காற்றை உள்ளிழுக்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் கார்க்கின் ஓரமாக ஒயின் கசிந்து ஒட்டியிருக்கும். சாதாரண ஃபிரிட்ஜ் 4, 5 டிகிரியில் உலர்ந்து கிடக்கிறது, அதிர்வும் உண்டு. சில வாரங்களுக்குப் பரவாயில்லை, வருஷக்கணக்குக்கு ஆகாது. வீட்டில் பாதாள அறை இல்லாதவர்களுக்காகத்தான் பிரான்ஸில் 1976இல் யூரோகேவ் நிறுவனம் ஒயின் அலமாரிகளை விற்க ஆரம்பித்தது. இங்கிலாந்தில் வில்ட்ஷயரின் பழைய கல் சுரங்கத்துக்குள் ஊராருடைய ஒயின் பெட்டிகளை வாடகைக்குக் காத்துக் கொடுக்கும் தொழிலே நடக்கிறது.

பாதாளம் என்றதும் எல்லா ஊரிலும் தோண்டிவிட முடியாது. சான் எமிலியோனில் சுண்ணாம்புக்கல்லைக் குடைந்த பழைய குவாரிகள் இருக்கின்றன, வருஷம் முழுக்கக் குளிர். ஆற்றோர மெடோக்கில் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். அங்கே தடித்த சுவர்களோடு தரைக்கு மேலேயே ‘ஷே’ என்ற கிடங்குகள். மூத்தோனில் நூறு மீட்டர் நீளக் கிடங்கை 1926இல் கட்டியதற்குக் காரணம் சுவாரஸ்யமானது. அதுவரை தோட்டங்கள் பெரும்பாலும் ஒயினைப் பீப்பாயோடு போர்தோ நகர வியாபாரிகளுக்கு விற்றுவிடும். பக்குவப்படுத்துவது, புட்டியில் அடைப்பது எல்லாம் அவர்கள் கையில். வழியில் என்ன கலந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? ரோன் பள்ளத்தாக்கின் எர்மிட்டாஜ் ஒயினைச் சேர்த்துப் போர்தோவுக்குக் கனம் ஏற்றுவது 19ஆம் நூற்றாண்டில் ஊரறிந்த பழக்கம். மூத்தோனை நடத்திய ஃபிலிப் த ரோத்ஷீல்ட் 1924 விளைச்சலில் இருந்து அனைத்தையும் தோட்டத்திலேயே புட்டியில் அடைப்பது என்று முடிவு செய்தார். வியாபாரிகளின் கிடங்கில் இருந்த சரக்கு தோட்டத்துக்கு வந்தபோது அதை வைக்க இடம் வேண்டாமா?

காத்திருப்புக்கு யார் பணம் தருவது

ஒரு பீப்பாய் 225 லிட்டர், அதாவது முந்நூறு புட்டி. ஓக்கில் ஒன்றரை வருஷம், புட்டியில் பத்துப் பதினைந்து வருஷம். அதுவரை முடங்கும் பணத்தை யாராவது சுமக்க வேண்டும். போர்தோ இதற்குக் கண்டுபிடித்த வழி ஆன் பிரிமர். அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே, வியாபாரிகளும் விமர்சகர்களும் வந்து சுவைப்பார்கள், விலை அறிவிக்கப்படும், பணம் அப்போதே. சரக்கு ஓரிரு வருஷம் கழித்து வரும். தோட்டக்காரருக்கு முன்பணம், வாங்குபவருக்குக் குறைந்த விலை என்பதுதான் ஒப்பந்தம். விலை ஏற ஏற இரண்டாவது பாதி ஆட்டம் கண்டது. முன்கூட்டி வாங்கியவர், அதே ஒயின் புட்டியில் வந்த பிறகு அதே விலைக்கோ குறைவாகவோ கடையில் இருப்பதைப் பார்த்து நொந்துகொள்ளும் வருஷங்கள் வந்தன. ஷாத்தோ லத்தூர் 2012இல் ஆன் பிரிமரை விட்டு விலகியது. தன் ஒயினைத் தானே வைத்திருந்து, பக்குவமானது என்று கருதும்போது வெளியிடுகிறது. நல்ல முடிவு என்பேன். ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான புட்டிகளின் எதிர்காலத்தைப் பீப்பாய் மாதிரியில் இருந்து தீர்மானிப்பது எனக்கு எப்போதும் துணிச்சலான காரியமாகவே தெரிகிறது. ஆனால் எல்லாத் தோட்டமும் லத்தூர் அளவுக்குப் பணம் படைத்ததா என்ன?

1855 தரவரிசையையும் இங்கே சொல்லிவிடலாம். பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டபடி தரகர்கள் தயாரித்தது. அவர்கள் பெரிதாகச் சுவைத்துப் பார்க்கவில்லை. நீண்டகால விற்பனை விலையை வைத்து ஐந்து படிகளாக அடுக்கினார்கள். முதல் படியில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். 1973இல் வேளாண் அமைச்சராக இருந்த ழாக் ஷிராக் கையெழுத்திட்டு மூத்தோனை இரண்டாம் படியில் இருந்து மேலே ஏற்றியது, படி மாற்றிய ஒரே திருத்தம். வலது கரைக்கு அதில் இடமே இல்லை. கையில் இருக்கும் புட்டி எத்தனை வருஷம் தாங்கும் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. ஐந்தாம் படியில் இருக்கும் லான்ஷ் பாஜ் போன்ற சில தோட்டங்கள் இரண்டாம் படியோடு மோதுகின்றன.

பிரான்ஸின் இன்னொரு ஒயின் வட்டாரமான பர்கண்டியின் கணக்கு தனி. அங்கத்துச் சிவப்புத் திராட்சையான பினோ நுவா மெல்லிய தோல், டானின் குறைவு, நிறமும் வெளிறியது. ஆனால் அமிலத்தின் பலத்தில் நல்ல புட்டிகள் முப்பது நாற்பது வருஷம் நிற்கின்றன. சிக்கல் வேறு இடத்தில். நெப்போலியன் காலத்து வாரிசுச் சட்டம் நிலத்தைத் துண்டு துண்டாக்கியதில், சுமார் 50 ஹெக்டேர் உள்ள க்ளோ த வூஜோ தோட்டத்துக்கு எண்பது பேர் அளவில் உடைமையாளர்கள். லேபிளில் ஒரே தோட்டத்தின் பெயர், உள்ளே எண்பது விதமான உழைப்பு. அங்கே எந்த வருஷம் என்று கேட்பதற்கு முன் யார் செய்தது என்று கேட்க வேண்டும்.

கொஞ்சமாகக் கிடைப்பதால் பர்கண்டியில் போலிகளுக்கும் குறைவில்லை. 1.8 ஹெக்டேர் மட்டுமே உள்ள ரொமானே-கோந்தி தோட்டத்தில் 1945இல் விளைந்தது 600 புட்டிதான்; அந்த அறுவடையோடு பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். அதில் ஒரு புட்டி 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. இப்படி விலை இருந்தால் கைவேலைக்காரர்கள் வராமல் இருப்பார்களா? ரூடி குர்னியவான் என்பவர் கலிஃபோர்னியா வீட்டில் பழைய பர்கண்டியோடு புதுசைக் கலந்து, லேபிள் அச்சடித்து, பெரும் பணக்காரர்களின் நிலவறைகளை நிரப்பினார். 2008 ஏலம் ஒன்றில் பர்கண்டியின் போன்ஸோ குடும்பத் தோட்டமான டொமேன் போன்ஸோவின் க்ளோ சான்-தெனி ஒயினில் 1945 முதல் 1971 வரையிலான விளைச்சல்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். அந்தக் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980களில்தான். லோரோன் போன்ஸோ நேரில் போய் நிறுத்தினார். குர்னியவானுக்கு 2014இல் பத்து வருஷச் சிறை. எண்பது வயது ஒயின் உண்மையில் எப்படி ருசிக்கும் என்று தெரிந்தவர்கள் மிகச் சிலர். அந்த மோசடி அவ்வளவு நாள் ஓடியதற்கு இதுவே காரணம். பழைய புட்டி வாங்குகிறவர்கள் இன்று ஒயினின் பெயருக்கு முன் அது எந்தெந்தக் கையில் இருந்தது என்று கேட்கிறார்கள். புட்டிக் கழுத்தில் ஒயின் மட்டம் எங்கே நிற்கிறது என்றும் பார்க்கிறார்கள். நாற்பது வயதுப் புட்டியில் மட்டம் தோள் உச்சியில் இருந்தால் இயல்பு. தோளின் பாதிக்கு இறங்கியிருந்தால் கார்க் தோற்றுவிட்டது.

எப்போது திறப்பது

இதற்கு எந்த விமர்சகரின் அட்டவணையும் முழுப் பதில் இல்லை. ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்துப் புட்டிகளே வேறு வேறாக இருக்கும். இயற்கைக் கார்க் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு காற்றை விடுகிறது. பழைய ஆங்கிலேய வழக்கம் பன்னிரண்டு புட்டிப் பெட்டியாக வாங்குவது. அதற்குக் காரணம் ஆடம்பரம் மட்டும் இல்லை. ஐந்தாம் வருஷம் ஒன்று, எட்டாம் வருஷம் ஒன்று என்று திறந்து பார்த்து, நன்றாக வந்துவிட்டது என்று தெரிந்ததும் மீதியை அடுத்த சில வருஷங்களில் முடித்துவிடலாம். ஒற்றைப் புட்டி வாங்கி வைப்பவர் சூதாடுகிறார். நடுவில் ஒயின் சில வருஷங்கள் வாய் மூடிக்கொள்வதும் உண்டு. இளமைப் பழமும் இருக்காது, முதிர்ச்சி வாசமும் வந்திருக்காது. அப்போது திறந்தவர் மோசமான ஒயின் என்று முடிவு கட்டிவிடுவார். ஒன்றரை லிட்டர் மேக்னம் இன்னும் மெதுவாக வளரும், உள்ளே ஒயினுக்கு ஏற்பக் காற்று குறைவு என்பதால்.

இன்றைய போர்தோ பழைய போர்தோவும் இல்லை. எமில் பெய்னோ போன்ற ஒயினியலாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்து பழுத்த திராட்சையைப் பறிக்கவும் இரண்டாம் கட்ட நொதிப்பைக் கட்டுப்படுத்தவும் சுத்தமான பீப்பாய்களுக்கும் வற்புறுத்தினார்கள். அதோடு வெயிலும் கூடிவிட்டது. 1980களில் 12, 12.5 சதவீதமாக இருந்த ஆல்கஹால் இப்போது 13.5, 14ஐத் தொடுகிறது. 2021இல் சாதாரணப் போர்தோ ஒயின்களில் தூரிகா நாசியோனால், மர்சலான் போன்ற சூடு தாங்கும் புது ரகங்களைச் சிறிய அளவில் சேர்க்க அனுமதியே கொடுத்துவிட்டார்கள். பழைய பாணி மெடோக்கைப் பத்து வயது ஆவதற்கு முன் குடிக்கவே முடியாது. 2009, 2018 போன்ற வெயில் வருஷத்தவை ஐந்தாறு வருஷத்திலேயே இனிக்கின்றன. அவை 1961 மாதிரி அறுபது வருஷம் நிற்குமா என்பதை நம் பிள்ளைகள் சுவைத்துச் சொல்லட்டும்.

பழைய புட்டியைத் திறப்பது என்று முடிவான பிறகு, ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் சேரும். நைந்த கார்க் ஒடியும், அவசரப்படக் கூடாது. கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியோ டார்ச்சோ வைத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக டிகான்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வண்டல் நூல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். வண்டல் இல்லாத ஒயினை மணிக்கணக்கில் காற்றாட விடுவதால் வாசனை பறிபோகிறதே தவிரப் பெரிய லாபம் இல்லை என்றார் பெய்னோ. இளம் முரட்டு மெடோக்குக்கு இரண்டு மணி நேரக் காற்று உதவுகிறது என்பது என் அபிப்பிராயம். முப்பது வயது தாண்டியதற்கு அவர் சொன்னதே சரி, ஊற்றியதும் குடிக்க ஆரம்பித்துவிட வேண்டும். ஈரமான அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் டிரைகுளோரோஅனிசோல் என்ற கார்க் மாசு. ஒரு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும், காற்றாட விட்டாலும் போகாது, புட்டியை ஒதுக்கி வைக்க வேண்டியதுதான்.

புதிதாக இதில் இறங்குகிறவர் முதல் படித் தோட்டத்தின் இளம் புட்டிக்குச் சேமிக்க வேண்டாம் என்பேன். அதே பணத்தில், அல்லது அதைவிடக் குறைவாக, 2010 போன்ற நல்ல வருஷத்தின் க்ரூ பூர்ஷுவா (1855 பட்டியலுக்கு வெளியே உள்ள மெடோக் தோட்டங்களின் தரம்) அல்லது ஐந்தாம் படி மெடோக் ஒன்றை, நம்பகமான நிலவறையில் இருந்து ஏற்கனவே பதினைந்து வயதான நிலையில் வாங்கலாம். காத்திருப்பின் செலவை வேறு ஒருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். தேவதாருவும் புகையிலையும் உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். பிடித்தால் அலமாரி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். பிடிக்காவிட்டால் அலமாரிக் காசு மிச்சம். இளம் ஒயினாகவே வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கலாம்.